ஹவாய் லுவாவ் விருந்து: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

லுவாவ் என்பது ஹவாய் உணவும் நடனமும் சேர்ந்த மாலை விருந்து. ரிசார்ட்டில் அறை போட்ட கையோடு லுவாவுக்கும் இடம் பிடித்துவிடுங்கள். பல லுவாவ்கள் வாரத்தில் சில நாட்கள்தான் நடக்கும். கிறிஸ்துமஸ், கோடை விடுமுறைகளில் மேடையை ஒட்டிய இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். தங்கும் நாட்களில் இரண்டாவது அல்லது மூன்றாவது மாலை தோதானது. வந்திறங்கிய அன்றைக்கு வைத்தால், நடனம் சூடுபிடிக்கும் நேரத்தில் விமானக் களைப்பில் கண் சொக்கும். கடைசி நாளுக்கு வைத்தால், மழையில் ரத்தானால் மாற்று நாள் கிடைக்காது.

தங்கியிருக்கும் ரிசார்ட்டிலேயே நடந்தால் வசதிதான். ஆனாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "இமு உண்டா?" இமு என்பது தரையில் தோண்டிய அடுப்பு. கியாவே விறகை எரித்து எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அதன்மேல் பிளந்த வாழைத்தண்டைப் பரப்புவார்கள். ஆவிக்கு வேண்டிய நீர் அதிலிருந்துதான் வருகிறது. 'டி' என்ற செடியின் இலையை விரித்து, உப்புத் தடவிய முழுப் பன்றியை வைத்து, இலை, ஈரச் சாக்கு, மண் என்று மூடிப் பல மணி நேரம் வேகவிடுவார்கள். மாலையில் மண்ணை விலக்கிப் பன்றியை எடுப்பதைப் பார்க்கத்தான் முன்கூட்டியே வரச் சொல்கிறார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும், தாமதித்தால் போச்சு. ஓட்டல் சமையலறையில் வெந்த இறைச்சியை மட்டும் பரிமாறும் லுவாவ்களும் உண்டு; விலை என்னவோ அதேதான்.

அடுத்தது நடனம். நெருப்புக் கத்தி சுழற்றுவது சமோவாவின் கலை, ஹவாயினுடையது அல்ல. மௌயி தீவின் ஓல்ட் லஹைனா லுவாவ் ஹவாய் மரபையே பிடித்துக்கொள்வதால் அங்கே அது கிடையாது. பிள்ளைகள் நெருப்பைப் பார்க்கத் துடித்தால் வேறிடம் பாருங்கள். ஓஆஹூ தீவில் லாயியே ஊரிலுள்ள பாலினேசியன் கல்ச்சுரல் சென்டர் மார்மன் திருச்சபையுடையது: மது கிடையாது, ஞாயிறு விடுமுறை. ஹோனலூலுவின் கடற்கரைப் பகுதியான வைகீகீயிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதே தீவின் மேற்கே, கோ ஒலினா ரிசார்ட் பகுதியில் நடக்கும் லுவாவ் என்றால் தூரம் குறைவு. ஆனால் பிற்பகலில் ஹெச்-1 நெடுஞ்சாலை திணறும், கூடுதலாக ஒரு மணி நேரம் கையில் வைத்துக் கிளம்புங்கள்.

பெரியவருக்குச் சுமார் 150 முதல் 250 டாலர் வரை ஆகும். வரி, சேவைக் கட்டணம் தனியா, சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் விலை இருக்கையில் மேடை அருகாமை, முதலில் உணவெடுக்கும் முறை, பூமாலை போன்றவை கிடைக்கும். இதில் உண்மையில் காசு பெறுவது அருகாமை மட்டுமே. பல இடங்களில் ஒரே வகுப்புக்குள் முன்பதிவு வரிசைப்படியோ வந்த வரிசைப்படியோ உட்கார வைப்பார்கள். எது என்று கேளுங்கள். கூட வருபவர்கள் தனித்தனியாகப் பதிவு செய்தால் வேறு வேறு மேசைக்குப் போய்விடலாம். தெருவோரக் கவுன்டரில் யாராவது பாதி விலைக்கு டிக்கெட் தந்தால், பெரும்பாலும் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் பங்கு) விற்பனைப் பேச்சுக்கு ஒரு காலைப் பொழுதைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். லாவ்லாவ் வெறும் இலைப் பொட்டலம் போலத் தெரியும்; சேப்ப இலைக்குள் பெரும்பாலும் பன்றியிறைச்சியும் மீனும் இருக்கும். முட்டைக்கோஸ் பொரியலிலும் காலுவா பன்றி, அதாவது இமு முறையில் வெந்த பன்றியிறைச்சி, கலந்திருக்கலாம். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்த போயி, வழக்கமாகத் தேங்காய்ப்பாலில் செய்யும் இனிப்பான ஹௌபியா இரண்டும் பொதுவாகச் சைவமே. போயியைத் தனியாகச் சுவைத்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் நிறைய. உப்பான பண்டத்தோடு சேர்த்துத் தின்றால் அதன் புளிப்பு எடுபடும்.

மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ கேட்பார்கள். தூறலுக்கெல்லாம் நிறுத்தமாட்டார்கள். எனவே ரத்து விதியில் "மழை" என்றால் என்ன பொருள், பணம் திரும்புமா, வேறு நாள்தானா என்பதைப் பணம் கட்டுமுன் படியுங்கள். இருக்கைகள் பெரும்பாலும் புல்தரையில் என்பதால் குதிகால் செருப்பு வேண்டாம்.