ஒரு அறை, ஐந்து வகுப்பு: மேல்மலைப் பள்ளிக்கு வரும் புது டீச்சருக்கு

இந்த ஜூனில் கொடைக்கானல் மேல்மலைக்குப் பணி ஆணை வாங்கிக்கொண்டு வரப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று எந்தப் பக்கம் போனாலும் சின்னத் தொடக்கப் பள்ளிகளின் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். எங்கள் பள்ளியில் 23 பிள்ளைகள். நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் தலைமையாசிரியர் பார்க்கிறார். ஒன்றிலிருந்து மூன்று வரை உள்ள 14 பேர் என் பொறுப்பு. அவர் கூட்டத்துக்குக் கொடைக்கானல் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம்தான்.

வந்த புதிதில் நேரத்தைத் துண்டு போட்டேன். ஒன்றாம் வகுப்புக்குப் பதினைந்து நிமிடம், இரண்டுக்குப் பதினைந்து, மூன்றுக்குப் பதினைந்து. ஒரு வரிசைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டு வரிசையும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். வாசிக்கச் சொன்னால் வராது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பக்கம் முழுக்கப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, தான் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாமல் நின்றான். அன்றைக்கு அந்த முறையை விட்டேன்.

இப்போது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் சத்தமாக வாசிக்க வேண்டும். 14 பேருக்கு 28 நிமிடம். மற்ற எல்லா ஏற்பாடும் அந்த 28 நிமிடத்தைக் காப்பாற்றத்தான்.

முதலில் உட்கார வைக்கும் முறை. ஜூன் முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் ஐந்து எழுத்து, ஐந்து சொல், இரண்டு வாக்கியம், நாலு வரிக் கதை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதுதான் அவர்களுடைய இடம். அதன்படி மூன்று கூட்டமாக உட்கார வையுங்கள், வகுப்பைப் பார்க்க வேண்டாம். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 2022-இல் வந்த அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கீழ்ப்படியிலிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதும் இதே எண்ணத்தில்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்காருவதை யாரும் குறையாகப் பேசக் கூடாது, அதில் கண்டிப்பாக இருங்கள். கணக்குக்கு வேறு கூட்டமாக மாற்றி உட்கார வைத்தால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். வாசிப்பில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருப்பான், சந்தையில் அப்பாவோடு நின்று பழகிய பிள்ளை அல்லவா.

அப்புறம் பெரிய கேள்வி: ஒருவரை நான் கேட்கும்போது மற்ற 13 பேர் என்ன செய்வார்கள்? நான் இல்லாமல் நடக்கும் வேலைக்கு மூன்று பொருத்தம் பார்க்கிறேன். செய்யும் விதம் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சரியா தப்பா என்று அவர்களே பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். முடித்தவர்கள் அடுத்து என்ன எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்கக் கூடாது. படத்தின் பின்னால் சொல் எழுதிய அட்டைகள் இதற்கு நன்றாகப் பொருந்தும். சொல்லை எழுதிவிட்டுத் திருப்பிப் பார்த்தால் விடை இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தை வாசிப்பதும் அப்படித்தான், ஒருவர் தடுமாறினால் மற்றவர் விரல் வைப்பார். சந்தேகம் வந்தால் மூன்று பேரைக் கேட்ட பிறகுதான் டீச்சர். இது பழக முழுசாக ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதம் பாடம் பின்தங்கினால் பின்தங்கட்டும்.

எழுத்து சொல்லிக்கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம் என்று இருந்தால் தீபாவளி வந்துவிடும், பிள்ளைக்கு வாசித்த இன்பமே கிடைத்திருக்காது. நான் ப, ட, ம மூன்றோடு தொடங்குகிறேன். புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் முதல் வாரத்திலேயே கையில் வந்துவிடும்.

உகர வரிசையில்தான் நிறையப் பிள்ளைகள் சிக்குகிறார்கள். மற்ற பல வரிசைகளில் காலோ கொம்போ தனியாகத் தெரியும், இதில் எழுத்தின் உருவமே மாறுகிறது. கு, சு, டு, ணு, து என்று அகர வரிசையில் நடத்தினால் ஒவ்வொன்றும் புது எழுத்தாகவே தோன்றும். உருவத்தை வைத்து மூன்று குடும்பமாகப் பிரித்துவிடுங்கள். சு, பு, யு, வு, ஙு ஆகியவற்றில் ஒரு கோடு நேராகக் கீழே இறங்கும். து, நு, று, னு, ணு, லு, ஞு ஆகியவற்றில் கீழே போன கோடு மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு சுழித்துக்கொண்டு வரும். என் பிள்ளைகள் இவற்றுக்கு வால், தும்பிக்கை, சுழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம். பசு, மடு, அது மூன்றையும் பலகையில் எழுதி, எது எந்தக் குடும்பம் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பே சொல்லிவிடும்.

எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகள் உண்டு. போன வருடம் ஒரு சின்னப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து 'பூ...ண்...டு' என்று கூட்டினான். சரியாகத்தான் கூட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் அப்பா பயிர் செய்வதே அதைத்தான், காலையில் அந்த வாசனையோடுதான் பள்ளிக்கு வந்திருந்தான். ஆனால் அந்தச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. "வீட்டுல பூடுன்னு சொல்வீங்கள்ல, அதுதான் கண்ணு" என்றேன். "பூடா!" என்று புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கத்தில் அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதென்று அவனே தேட ஆரம்பித்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு வாக்கியம் பிள்ளைகளின் வாயிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். 'எங்கப்பா பூடு புடுங்கப் போயிருக்காரு.' சொன்னபடியே பலகையில் எழுதுவேன். அதற்குக் கீழே, 'என் அப்பா பூண்டு பிடுங்கப் போயிருக்கிறார்.' இரண்டையும் எல்லோரும் வாசிப்பார்கள். எங்கெங்கே மாறியிருக்கிறது என்று மலர்க் கூட்டம் வட்டம் போடும். பேசுகிற தமிழைத் தப்பென்று சொல்லாதீர்கள். அம்மா பேசுவது தப்பென்று கேட்ட பிள்ளை அப்புறம் வகுப்பில் வாய் திறக்காது.

கணக்குக்கு என் சாமான் தீப்பெட்டியும் பீன்ஸ் விதையும். பெட்டிக்குப் பத்து விதை. பத்துப் பெட்டி அடுக்கினால் ஒரு செருப்புப் பெட்டி, அது நூறு. (ஒன்றாம் வகுப்புக்கு விதை கொடுக்க வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். யூகலிப்டஸ் காய் கொஞ்சம் பெரிது, அதைக் கொடுத்துக் கண் பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்.) 32-இலிருந்து 17 போக வேண்டும். மூன்று பெட்டி, இரண்டு விதை. ஏழு எடுக்க இரண்டு போதாது. ஒரு பெட்டியைத் திறந்து கொட்டினால் கையில் 12 விதை, பெட்டி இரண்டு. ஏழு எடுத்தால் ஐந்து மிச்சம், ஒரு பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி மிச்சம். 15. நான் முன்பு 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தேன். "திருப்பிக் குடுக்க வேணாமா டீச்சர்?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அதற்குப் பிறகு 'பெட்டியைத் திற' என்றுதான் சொல்கிறேன்.

தொண்ணூறைக் கவனியுங்கள். எழுபது, எண்பது வரை சரியாக எழுதும் பிள்ளை தொண்ணூற்று மூன்றை 903 என்று எழுதும். காதில் 'நூறு' விழுகிறதே. கவனக்குறைவு என்று திட்டாமல் ஒன்பது பெட்டியும் மூன்று விதையும் முன்னால் வையுங்கள். செருப்புப் பெட்டி நிறைந்ததா என்று கேளுங்கள். நிறையவில்லை, ஆகவே நூறு இல்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்பதும் இதே கதைதான்.

பூண்டு அறுவடைக் காலத்தில் ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வேன். எத்தனை பல் இருக்கும் என்று உரிக்கும் முன்னால் ஊகித்துப் பலகையில் எழுத வேண்டும், அப்புறம் பிரித்து எண்ண வேண்டும். மூன்றாவது பூண்டுக்குள் ஊகம் பக்கத்தில் வந்துவிடும். பற்களைக் கவரில் போட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். பாடுபட்டு விளைவித்த பொருள்.

பெரிய பிள்ளைகளுக்குக் குறிஞ்சிக் கணக்கு. இங்கே 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அப்போது உனக்கு என்ன வயது என்று தொடங்கலாம். பாட்டியிடம் எத்தனை முறை பார்த்தார் என்று கேட்டு வரச் சொன்னேன். ஒரு பாட்டி ஐந்து முறை என்றார். முதல் பூவுக்கும் ஐந்தாம் பூவுக்கும் நடுவே எத்தனை வருடம்? ஐந்து பன்னிரண்டு அறுபது என்று பாதி வகுப்பு சொன்னது. ஒருத்தி மட்டும் எழுந்து வந்து பலகையில் 2018, 2006, 1994, 1982, 1970 என்று எழுதி, இடைவெளிகளை எண்ணி, நாலுதான் இருக்கிறது, 48 என்றாள். அன்று மதியம் வரை அந்த வாக்குவாதம் ஓடியது. நான் தலையிடவில்லை.

இங்கே மழையும் மூடுபனியும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் காகித சார்ட் பூஞ்சை பிடித்துச் சுவரிலிருந்து கழன்றுவிடும். நான் பழைய வெள்ளை வேட்டியில் அழியாத மார்க்கரால் எழுதி, கயிற்றில் தொங்கவிடுகிறேன். துவைக்கலாம், சுருட்டி வைக்கலாம். அட்டைகளுக்கு இரண்டு பக்கமும் அகல டேப் ஒட்டினால் ஈரம் ஏறாது. மூடுபனி உள்ளே வந்து வெளிச்சம் குறையும் நேரத்தில் கண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம். கதை சொல்வது, விடுகதை, மனக்கணக்கு எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டால் பனி வருவதற்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வெயில் வந்த காலையில் வாசிப்பு வராந்தாவுக்குப் போய்விடும்.

வாசிக்கப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வந்திருக்கின்றன. அவற்றை அலமாரியில் பூட்டாமல் கயிற்றில் போடுங்கள், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடு காணொளிகளை, சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்று தேடினால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள், பிள்ளைக்கு இரண்டு பக்கம். தேதியும், அன்று தடுமாறிய சொல்லும் போதும். மதிப்பெண் வேண்டாம். ஒரே சொல் மூன்று நாள் வந்தால் நாலாம் நாள் அந்தச் சொல்லோடு பாடத்தைத் தொடங்குங்கள்.

கிளம்பும் முன் கீழே வத்தலக்குண்டிலோ கொடைக்கானலிலோ வாங்கிவிட வேண்டியவை: அழியாத மார்க்கர் கறுப்பிலும் சிவப்பிலும் இரண்டிரண்டு, அகல டேப் நாலு சுருள், துணிக் கிளிப் இரண்டு டஜன், நைலான் கயிறு பத்து மீட்டர். வேட்டி வீட்டில் இருக்கும். காலித் தீப்பெட்டி வாங்க வேண்டாம், ஊர் டீக்கடையில் சொல்லி வைத்தால் ஒரு மாதத்தில் அறுபது சேர்ந்துவிடும். ஸ்வெட்டர் இரண்டு கொண்டு வாருங்கள், நனைந்தால் மறுநாளைக்குக் காயாது.