வீடியோவுக்கும் கைகொடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர்.: எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் முதலில் காதில் விழுவது "24 மெகாபிக்சல்". வீடியோவுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை, ஃபுல் எச்.டி. காட்சியின் ஒரு ஃப்ரேமே சுமார் 2 மெகாபிக்சல்தான். கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

1. லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும்போது) ஃபோகஸ்

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டி.எஸ்.எல்.ஆரில் வேகமான ஃபோகஸ் சென்சார் கேமராவுக்குள் உள்ள கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே மடங்கிவிடுவதால் அதற்கு வெளிச்சமே போகாது. அப்போது படம் பதியும் முதன்மை சென்சாரே ஃபோகஸ் பார்க்க வேண்டும். கேனான் 200டி, 200டி மார்க் 2 இரண்டிலும் இதற்கென்றே டூயல் பிக்சல் என்ற வசதி உண்டு; ஆள் நடந்து வந்தாலும் ஃபோகஸ் கூடவே வரும். கேனான் 1500டி, நிக்கான் டி3500, டி5600 ஆகியவற்றில் அது இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், அந்தத் தேடல் அப்படியே பதிவாகும்.

கடையிலேயே சோதியுங்கள்: வீடியோவை ஓடவிட்டு, ஒருவரை 4 மீட்டர் தூரத்திலிருந்து கேமராவை நோக்கி நடந்துவரச் சொல்லுங்கள். முகம் மங்கி மங்கித் தெளிந்தால் வேண்டாம்.

200டி மார்க் 2-இல் 4கே இருக்கிறதே என்று மயங்காதீர்கள். 4கேயில் காட்சியின் ஓரங்கள் நன்றாகவே வெட்டுப்படும், டூயல் பிக்சலும் வேலை செய்யாது. ஃபுல் எச்.டி.யிலேயே எடுங்கள்.

2. மைக் ஜாக்

பக்கவாட்டு மூடியைத் திறந்து 3.5 மி.மீ. துளை இருக்கிறதா பாருங்கள். 1500டி, டி3500 இரண்டிலும் கிடையாது. பேட்டி எடுப்பதானால் அவற்றை அப்போதே ஒதுக்கிவிடலாம். 200டி, டி5600 இரண்டிலும் உண்டு. திரும்பும் திரையும் உண்டு.

3. லென்ஸ்

இந்த கேமராக்களில் எதிலும் சென்சார் கை நடுக்கத்தைச் சமாளிக்காது; லென்ஸ்தான் சமாளிக்க வேண்டும். கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர். என்ற எழுத்துகளைத் தேடுங்கள். கேனானில் எஸ்.டி.எம். என்றும் இருந்தால் மோட்டார் சத்தம் அதிகம் பதிவாகாது. 18-55 மி.மீ. லென்ஸ் போதும். 50 மி.மீ. லென்ஸ் இந்தச் சின்ன சென்சாரில், கேனானில் 80 மி.மீ., நிக்கானில் 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும்.

4. பழையது என்றால்

லென்ஸ் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைத் துடைத்துவிடலாம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை வாங்கவே வேண்டாம்.

5. கார்டும் பேட்டரியும்

வி30 என்ற வேகக் குறி உள்ள மெமரி கார்டு, கூடுதலாக ஒரு பேட்டரி. இந்த கேமராக்களில் ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 வினாடிக்கு மேல் பதிவு ஓடாது. மேடைப் பேச்சு எடுக்கும்போது கைதட்டல் நேரத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கிவிடுங்கள்.

6. முதல் செட்டிங்

மெனுவில் வீடியோ சிஸ்டத்தை பால் (PAL) என்று மாற்றி, வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வினாடி வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேம், 1/60 என்று விட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டைபட்டையாக ஓடும். எடுத்து முடித்த பிறகு அதை நீக்குவது பெரும்பாடு.