எம்.எல்.ஏ. அனுப்பும் சுகாதாரச் சட்ட மடலைப் படிப்பது எப்படி? மினசோட்டாவில் வாழ்பவர்களுக்கு

மே மாதக் கடைசிக்குள் செயின்ட் பாலில் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் நம் தொகுதிப் பிரதிநிதியிடமிருந்து ஒரு மடல் வரும். அதில் 'சுகாதாரம், மனித சேவைகள்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாகச் சில சட்டங்கள் இருக்கும். நமக்கு இங்கே ஓட்டு இல்லையே, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் செலவுக்கு எங்கள் வீட்டு பட்ஜெட்டில் நிரந்தர இடம் உண்டு. அதனால் இந்த மடலை நான் வரி விடாமல் படிக்கிறேன். மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவை இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் பொருந்தும், அதற்கு ஓட்டுரிமை தேவையில்லை.

முதலில், மடலில் சொல்லியிருப்பது சட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். 'மசோதா கொண்டுவந்தேன்', 'கமிட்டியில் நிறைவேறியது', 'அவையில் நிறைவேறியது', 'ஆளுநர் கையெழுத்திட்டார்' என்பவை நான்கு வேறு நிலைகள். கடைசி நிலையைத் தொட்டதுதான் நமக்குப் பயன்படும். எச்.எஃப். (கீழவை) அல்லது எஸ்.எஃப். (மேலவை) என்று தொடங்கும் எண் மசோதாவின் எண். அது சட்டமானதும் 'சாப்டர்' எண் ஒன்று கிடைக்கும். 2025-இல் 134 பேர் கொண்ட கீழவை 67க்கு 67 என்று சரிபாதியாகப் பிரிந்திருந்தது. இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளாத எதுவும் அப்போது அங்கே நகர முடியவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் வரும் மடலில் 'முன்மொழிந்தேன்' என்ற சொல்லைப் பார்த்தால் அதை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது தேதி. சட்டத்திலேயே தேதி குறிப்பிடாவிட்டால் பொதுவாக ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வரும், நிதி ஒதுக்கீடு என்றால் ஜூலை 1. ஆனால் பெரிய திட்டங்களுக்கு ஆண்டுக்கணக்கில் இடைவெளி விடுவார்கள். சம்பளத்துடன் கூடிய குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்டது 2023 மே மாதம். பணம் கொடுக்கத் தொடங்கியது 2026 ஜனவரி 1 முதல். சொந்த உடல்நலத்துக்கு 12 வாரம், குழந்தை பிறப்பு அல்லது குடும்பத்தாரைக் கவனிப்பதற்கு 12 வாரம், இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 20 வாரம் வரை. இதற்கான சந்தா 2026-இல் சம்பளத்தில் 0.88 சதவீதம், அதில் குறைந்தது பாதியை நிறுவனம் கட்ட வேண்டும். குடும்பத்தார் என்பதில் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், மருமகன், மருமகள் எல்லோரும் அடக்கம். பிரசவத்துக்கு நாள் நெருங்கும் வீட்டில் யாராவது இருந்தால் இதை இன்றே சொல்லுங்கள்.

வந்த சட்டம் பின்வாங்கப்படுவதும் உண்டு. குறைந்த வருமானக்காரர்களுக்கு மாநிலம் தரும் மினசோட்டாகேர் காப்பீடு குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கும் உண்டு என்று 2023-இல் சட்டம் வந்து, 2025 ஜனவரியில் அமலானது. அதே ஆண்டு ஜூன் மாத பட்ஜெட் ஒப்பந்தத்தில் பெரியவர்களை நீக்கிவிட்டார்கள். 2025 முடிந்ததோடு அவர்களுக்கு அது நின்றது, குழந்தைகளுக்கு மட்டும் தொடர்கிறது. எனக்கு இது இன்றும் வலிக்கிற முடிவு. பழைய மடலை வைத்துக்கொண்டு யாருக்கும் வழி சொல்லிவிடாதீர்கள்.

இனி முக்கியமான கேள்வி: இந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது? நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

2025 ஜனவரி முதல் சர்க்கரை, ஆஸ்துமா, எபிபென் என்ற அவசர ஊசி தேவைப்படும் கடுமையான ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மருந்து ஒவ்வொன்றுக்கும் காப்பீட்டில் இருப்பவரிடம் மாதம் 25 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. அதற்கான கருவிகள், சோதனைப் பட்டைகள் எல்லாம் சேர்த்து மாதம் 50 டாலர்தான். மடலில் இது பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் மருந்துக்கடைக் கவுண்டரில் எங்களிடம் பழைய தொகையைத்தான் கேட்டார்கள். காரணம் இதுதான்: பெரிய நிறுவனங்கள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. இதை 'செல்ஃப் ஃபண்டட்' திட்டம் என்பார்கள். 1974-இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் இவை வருவதால், மாநிலம் போடும் காப்பீட்டு விதிகள் இவற்றைத் தொடாது. அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஆனால் அந்த நிறுவனம் கணக்கு மட்டும்தான் பார்க்கிறது. ஐ.டி. வேலையில் இருக்கும் நம் குடும்பங்களில் பல இந்த வகைதான்.

ஆகவே ஹெச்.ஆருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள்: "நம் மருத்துவத் திட்டம் செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷ்யூர்டா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதாவது செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கும் திட்டம் என்றால் மாநிலச் சட்டம் பொருந்தும், மீறினால் மாநில வணிகத் துறையில் புகார் செய்யலாம். முதலாவது என்றால் புகாருக்கான இடம் மத்தியத் தொழிலாளர் துறை. நிறுவனம் விரும்பினால் அந்த 25 டாலர் வரம்பைத் தானாகவே ஏற்கலாம், கேட்பதில் தவறில்லை. நான் கேட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செல்ஃப் ஃபண்டட், ஃபுல்லி இன்ஷ்யூர்ட் இரண்டில் எதுவானாலும் உதவக்கூடிய சட்டம் ஒன்று உண்டு. 26 வயது அலெக் ஸ்மித், இன்சுலின் வாங்கப் பணம் போதாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு 2017-இல் இறந்துபோனார். அவருடைய தாய் விடாமல் போராடியதன் விளைவாக, 2020-இல் அலெக்கின் பெயரிலேயே சட்டம் வந்தது. கையில் ஏழு நாளுக்குக் குறைவான இன்சுலின்தான் இருக்கிறது, உடனே தேவை என்றால், மருந்துச் சீட்டுடனும் மினசோட்டா அடையாள அட்டையுடனும் மருந்துக்கடைக்குப் போய் அங்கேயே ஒரு படிவம் நிரப்பலாம். 30 நாள் இன்சுலினுக்கு அதிகபட்சம் 35 டாலர்தான் கேட்க முடியும். மெடிக்கல் அசிஸ்டன்ஸ் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மினசோட்டாகேர் இரண்டிலும் இருக்கக்கூடாது. உங்கள் காப்பீடு இன்சுலின் செலவை மாதம் 75 டாலருக்குள் நிறுத்துவதாகவும் இருக்கக்கூடாது. கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவக் கடன் பற்றி மடலில் வந்தால் அதையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், பழைய பில் பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தேவையான சிகிச்சையை மறுக்கக்கூடாது. அந்தக் கடனை கிரெடிட் அறிக்கையில் ஏற்றவும் கூடாது. கணவரின் மருத்துவக் கடன் தானாக மனைவி தலையில் விழுவதும் நின்றுவிட்டது.

உதவி கேட்க எந்த அலுவலகம் என்பதில் குழப்பம் வேண்டாம். மெடிக்கல் அசிஸ்டன்ஸ் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் உங்கள் கவுண்டி அலுவலகம்தான் வாசல். குழந்தைகள் காப்பகம் (டேகேர்) சம்பந்தமான உதவிகள் 2024 ஜூலையில் தொடங்கிய தனித் துறைக்கு மாறிவிட்டன.

சந்தேகம் இருந்தால் சட்டத்தின் மூலத்தையே பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. சாப்டர் எண்ணை, மாநிலச் சட்டங்களை வெளியிடும் 'ரிவைசர்' அலுவலகத்தின் இணையதளத்தில் போட்டால் முழுச் சட்டமும் வரும். அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்த்தது, குறுக்கே கோடு போட்டது நீக்கியது. ஒவ்வொரு பிரிவின் அடியிலும் 'எஃபெக்டிவ் டேட்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 'மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்ததும்' என்று இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், மடலுக்குப் பதில் எழுதுங்கள். பிரதிநிதியின் அலுவலகத்தில் இதைக் கவனிக்கவே ஓர் உதவியாளர் இருப்பார். முதல் வரியிலேயே உங்கள் தெரு முகவரியைப் போடுங்கள், தொகுதிக்காரரா என்று அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டாவது வரியில் சாப்டர் எண். அதன் பிறகு உங்கள் வீட்டில் நடந்ததை ஐந்தாறு வரியில், கட்டிய தொகையோடு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தொடர் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தொடங்கும், அதனால் இலையுதிர் காலத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.