சிடைப்ஸில் பாதியாக வெட்டுப்பட்ட பாயிண்டர்: என் அனுபவம்

சி நூலகம் தந்த பாயிண்டரை (நினைவக முகவரியை), பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக வாங்கி அடுத்த சி ஃபங்ஷனுக்குக் கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான முகவரியைத் தொட்டதால் க்ராஷ். ரெஸ்டைப் (ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பின் வகை) சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அந்த மதிப்பை 32 பிட் இன்ட்டாகவே, அதாவது முழு எண்ணாகவே எடுக்கும். 64 பிட் முகவரியின் மேல்பாதி போய்விடும். முகவரி சிறியதாக அமைந்தால் தப்பிக்கும், அதுதான் தலைவலி.

ரெஸ்டைப்பை வாய்டு பாயிண்டராக்கினேன் (எதைச் சுட்டுகிறது என்று வகை சொல்லாத பாயிண்டர்), போதவில்லை. அது வெறும் முழு எண்ணாக வரும், ஆர்க்டைப்ஸ் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் வகைகள்) இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் மறுபடி வெட்டு. உறுப்புகளே இல்லாத ஒரு ஸ்ட்ரக்சர் கிளாஸ் எழுதி, அதன் பாயிண்டர் டைப்பை ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் இரண்டிலும் போட்டபின் சரியானது. வேறு வகைப் பாயிண்டர் நுழைந்தால் இப்போது ஆர்க்யுமென்ட் எரர்தான், க்ராஷ் இல்லை.

சி நூலகம் ஒதுக்கிய நினைவகத்தைப் பைத்தான் தானாக விடுவிக்காது. அதனால் பாயிண்டரை ஒரு பைத்தான் உறை ஆப்ஜெக்டில் வையுங்கள். ஒரு ஆப்ஜெக்ட் சாகும்போது சொன்ன ஃபங்ஷனை அழைக்கும் வீக்ரெஃப் ஃபைனலைஸில், அந்த உறைக்குச் சி-யின் விடுவிக்கும் ஃபங்ஷனைப் பதிந்து, அந்த ஃபங்ஷனுக்கான ஆர்க்யுமென்ட்டாகப் பாயிண்டரை மட்டும் கொடுங்கள். ஆர்க்யுமென்ட்டாக உறை ஆப்ஜெக்டையே கொடுத்தால் நிரல் முடியும்வரை அது சாகாது.