சாம்பியன்ஸ் லீக் பட்டியலைத் தப்பாகப் படிக்காதீர்கள்

ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 சீசனில் முறை மாறியது. புதிதாகப் பார்க்க வருபவர்களும் பழைய குரூப் முறையில் ஊறியவர்களும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். 36 அணிகள், ஒரே பட்டியல், ஆளுக்கு 8 ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

"தோற்றாச்சு, எத்தனை கோல் வாங்கினால் என்ன?"

இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். முன்பு இரு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் அவை மோதிய ஆட்டங்களை முதலில் பார்ப்பார்கள். இப்போது சமப் புள்ளியில் நிற்கும் அணிகள் பெரும்பாலும் மோதியே இருக்காது. அதனால் முதலில் கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல்கள். ஒவ்வொரு கோலும் ஜனவரி வரை கணக்கில் நிற்கும்.

குரோஷிய அணியான டினாமோ ஜாக்ரெப்பைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் மியூனிக்கில் 3-2 வரை நெருங்கிவிட்டு, பாயர்னிடம் 9-2 என்று நொறுங்கியது. மீதி 7 ஆட்டங்களில் அடித்தது 10, வாங்கியது 10. கடைசி நாளில் மிலானையே 2-1 என்று வீழ்த்தியும் 11 புள்ளி, கோல் வித்தியாசம் மைனஸ் 7, 25வது இடம். அடுத்த சுற்றான பிளே-ஆஃப் 24வது இடம் வரைதான், எனவே வெளியே. 24வது இடத்தில் அதே 11 புள்ளியோடு பெல்ஜிய அணியான கிளப் ப்ரூஜ், மைனஸ் 4. மியூனிக்கில் 6-2 என்று முடித்திருந்தால் டினாமோவும் மைனஸ் 4. அடித்த கோல் 12-க்கு 7 என்ற கணக்கில் ப்ரூஜை முந்தியிருக்கும். அதைக் கெடுத்த மூன்று கோல்களும் 78வது நிமிடத்திலும் அதற்குப் பிறகும் வாங்கியவை! தப்பித்த ப்ரூஜ் பிளே-ஆஃபில் அட்லாண்டாவை வெளியேற்றியது.

ஆகவே 5-1 என்று பின்தங்கிய அணி தற்காப்பில் சுருண்டால் கேலி செய்யாதீர்கள்.

அவே கோல் இரட்டிப்பா?

எதிரணி மைதானத்தில் அடிக்கும் அவே கோலுக்குக் கூடுதல் மதிப்பு, தோற்றால் வெளியேறும் நாக்-அவுட்டில் 2021-22 முதல் கிடையாது. இரண்டு லெக்கும் (ஆளுக்கொரு மைதானத்தில் ஓர் ஆட்டம்) சேர்த்துச் சமன் என்றால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. அந்த 8 ஆட்டங்களின் லீக் கட்டப் பட்டியலில் மட்டும், கோல் வித்தியாசமும் அடித்த கோல்களும் சமமானால், மூன்றாவதாக அவே கோலைப் பார்ப்பார்கள்.

வெளியேறினால் யூரோப்பா லீக்?

இல்லை. அடுத்த நிலைப் போட்டியான அதற்கு முன்பு போல இறக்கிவிட மாட்டார்கள்.

"9வது வந்தாலும் 24வது வந்தாலும் பிளே-ஆஃப்தானே?"

9 முதல் 16 வரை வந்தவர்களுக்கு இரண்டாவது லெக் சொந்த மைதானத்தில். எதிராளி 17 முதல் 24 வரை வந்தவர்களில் ஒருவர். 2024-25-ல் 22வதாக வந்த மான்செஸ்டர் சிட்டிக்கு வாய்த்தது ரியல் மாட்ரிட். இரண்டாவது லெக் மாட்ரிட்டில், அங்கேயே கதை முடிந்தது.

ஒரே நாட்டு அணிகள் மோதாது என்ற நினைப்பு

மோதும். அதே சீசனில் 15வதாக வந்த பாரிஸ் அணியான பிஎஸ்ஜி பிளே-ஆஃபில் சக பிரெஞ்சு அணியான பிரெஸ்ட்டை இரண்டு லெக்கில் 10-0 என்று துவைத்தது. அந்த ஆண்டுக் கோப்பையும் அவர்களுக்கே.