ஏறிய உயரம்: போன் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

ஒரே மலைப்பாதையில் சேர்ந்து நடந்த இருவரின் போன்கள் ஏறிய உயரத்தை வெவ்வேறாகக் காட்டுவது சகஜம். போனுக்கு இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. அதனால் ஜிபிஎஸ்ஸில் கிடைமட்டப் பிழையைவிட உயரப் பிழை பொதுவாகவே அதிகம். சும்மா நின்றாலும் உயரம் 3 மீட்டர் கூடும், அப்புறம் குறையும். கூடியதை எல்லாம் ஆப் ஏற்றமாகவே சேர்த்துக்கொண்டு போகலாம்.

காற்றழுத்த சென்சார் உள்ள வாட்ச் இதில் எவ்வளவோ மேல். கடல்மட்டத்துக்கு அருகே ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அந்த மாற்றத்தை அது நன்றாகப் பிடித்துவிடும். ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் மாறுமே! அதனால் கிளம்பும் இடத்தின் உயரத்தை வரைபடத்தில் பார்த்து, வாட்சில் பதித்துவிட்டு நடங்கள். சென்சார் இல்லையா? நடந்த தடத்தை, நிலப்பரப்பு வரைபடத்தை வைத்து உயரத்தைத் திருத்தும் ஆப்பில் ஏற்றிப் பாருங்கள்.