பழைய காரில் டிக் டிக் சத்தமும் மிஸ்ஸிங்கும்: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800 இன்றும் வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. அதை ஓட்டுவதும் பராமரிப்பதும் இப்போது நான். போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலையில் வண்டியை எடுத்தேன். ஸ்டார்ட் ஆனதுமே பானெட்டுக்கு அடியில் ஒரு சத்தம், பல்லி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பதுபோல. பெரம்பூர் மேம்பாலம் ஏறும்போது வண்டி உதறியது. ஒரு சிலிண்டர் சரியாக எரியாததால் வரும் இந்த உதறலைத்தான் மிஸ்ஸிங் என்பார்கள். மிதிக்க மிதிக்க இழுக்கவே இல்லை. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பத்து விநாடி கேட்டார்கள். "வால்வு போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். ஹெட் என்பது என்ஜினின் மேல்பகுதி, வால்வுகள் அதில்தான் இருக்கும். திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் கெட்டிருந்தது, பொறி விழவைக்கும் ஒரு பிளக்கும் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரும்.

பத்து விநாடி கேட்டுச் சொல்லிவிடக்கூடிய கோளாறு அல்ல இது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டரில் ஒரு முறை பொறி விழும். ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். புகை ஒரு முறை வெளியேறும். வண்டி நின்ற இடத்தில் 900 ஆர்.பி.எம்-இல் ஓடுகிறது என்றால் இந்த மூன்றும் நிமிடத்துக்கு 450 முறை நடக்கின்றன. ஆகவே தளர்ந்த வால்வு, வழி தவறிய பொறி, மேனிஃபோல்டில் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) கசியும் புகை என மூன்றுமே ஒரே தாளத்தில்தான் டிக்கென்று அடிக்கும். தாளத்தை வைத்து எது என்று சொல்லவே முடியாது. சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் மேலே, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. அதனாலேயே சத்தம் வரும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப்பும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜெக்டரும் இயல்பாகவே மெல்ல டிக் டிக் என்னும். நல்ல நிலையில் உங்கள் வண்டி எப்படிச் சத்தமிடும் என்று காதுக்குத் தெரிந்திருப்பது பெரிய உதவி.

சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்துவது பாட்டியின் ஊதாங்குழல். ஒரு முனையை, ராக்கர்களை மூடியிருக்கும் டேப்பட் கவர்மேல் வைத்து, மறு முனையைக் காதருகே பிடித்தால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். நீளமான ஸ்குரூ டிரைவரும் போதும். கூந்தலை முடிந்துகொண்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது. அயனாவரத்தில் அப்பாவின் காலம் முதல் வண்டி பார்க்கும் பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. ஓடும் என்ஜினில் பிளக் வயரைக் கையால் பிடுங்கக் கூடாது. அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். வயரை அந்தரத்தில் தொங்க விட்டாலும், அந்த வோல்ட்டை உண்டாக்கும் காயில் கெட்டுப்போகலாம். என்ஜினை நிறுத்துங்கள். எங்கும் பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டர் வயரைக் கழற்றி அதில் உபரியாக ஒரு பிளக்கைச் செருகி, கார்புரேட்டருக்கு எட்டத்தில், பிளக்கின் இரும்பு உடம்பு என்ஜினின் வெற்று உலோகத்தில் அழுந்தியிருக்கும்படி கம்பியால் கட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். என்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறினால் அந்த சிலிண்டர் இதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் படுத்த சிலிண்டர். இந்த என்ஜினின் மூன்று சிலிண்டர்களையும் இப்படிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. எரியாத பெட்ரோல் அதற்குள் போனால் அது சூடேறிப் பாழாகும். மிஸ்ஸிங்கோடு வாரக்கணக்கில் ஓட்டக்கூடாது என்பதும் இதனால்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிளக் வயருக்குப் பதிலாக இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் பெட்ரோலே போகாது.

இந்தச் சோதனையின்போது டிக் சத்தம் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். எனக்கு வழி காட்டியது அதுதான். அந்த சிலிண்டரை நிறுத்திய பிறகும் சத்தம் மாறாமல் இருந்தால் வால்வுப் பக்கம் சந்தேகப்படலாம், ஏனென்றால் பொறி விழாவிட்டாலும் வால்வு திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கும். சத்தம் மெலிந்தால் புகைக் கசிவு. அடியிலிருந்து கனமாக டொக் டொக்கென்று வந்து, அதுவும் மெலிந்தால் பேரிங் பக்கம் கோளாறு. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். சத்தம் அடியோடு நின்றுவிட்டால், பொறி பிளக்குக்குப் போகாமல் வேறெங்கோ தாவிக்கொண்டிருந்தது என்று பொருள். எனக்கு இரண்டாவது சிலிண்டரில் என்ஜின் வேகமும் மாறவில்லை, சத்தமும் சட்டென்று நின்றது.

காரணம் எளிது. சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட கலவையின் நடுவே பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். மேம்பாலம் ஏறும்போது நெருக்கம் இன்னும் கூடும். வயரின் உறையில் சிறு வெடிப்பு இருந்தாலும் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியைப் பிடித்துக்கொள்ளும். மழை ஈரம் அந்த வழியை இன்னும் சுலபமாக்கிவிடும். வெளியே கட்டிய பிளக்கில் நெருக்கம் இல்லை. பொறி ஒழுங்காக அங்கேயே விழுந்துவிடுகிறது.

அன்று இரவு வயரைத் திரும்ப மாட்டி, வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாவது பிளக்கின் ரப்பர் தொப்பிக்குக் கீழிருந்து ஹெட்டை நோக்கி, நூல் கனத்தில், நீலமாக ஓர் ஒளி தாவியது. தாவும்போதெல்லாம் டிக். காலையில் கழற்றிப் பார்த்தேன். தொப்பியின் உள்ளே மயிரிழைபோல் ஒரு வெடிப்பு, சுற்றிலும் சாம்பல் நிறப் பொடி. பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. துணியால் அழுத்தித் துடைத்தும் போகவில்லை. அந்தக் கோடு கரி. மின்சாரத்துக்குப் பழகிய பாதை. அந்த பிளக்கை விட்டுவைத்துப் புது வயர் போட்டால் புது வயரும் அதே இடத்தில் கசியும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இருட்டிலும் எதுவும் தெரியாவிட்டால், செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் வயர்கள்மேல் தள்ளி நின்று மென்மையாகப் பனிபோல் தெளியுங்கள். கசிவு இருந்தால் வெளிச்சம் காட்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே ஈரமோ வெடிப்போ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புகைக் கசிவுக்கு அடையாளம் வேறு. காலையில் குளிர்ந்த என்ஜினில் சத்தம் பலமாக இருந்து, சூடேறி உலோகம் விரிந்ததும் குறையும். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிக்கோடு தெரியும். இது மட்டும் இருந்தால் பொதுவாக மிஸ்ஸிங் வராது. இரண்டும் இருந்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று வைத்துத் தேடுங்கள். சரியாக முடுக்காத பிளக் மட்டும் விதிவிலக்கு. அதன் அடியில் காற்று கசிந்து டிக்கென்றும் அடிக்கும், வண்டி மிஸ்ஸிங்கும் ஆகும்.

வால்வு என்றே தெரிந்தாலும் உடனே ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். இந்த வண்டியில் டேப்பட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, ஸ்குரூ வைத்துச் சரிசெய்யலாம். டேப்பட் கவரைக் கழற்றினால் போதும். அந்த சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் (கலவையை நெருக்குதல்) முடிவில் மேலே இருக்கும்போது, அதாவது இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆடும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அதில் செருகுங்கள். கனமான புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவும்போது இருக்குமே, அந்த அளவு பிடிப்பு வேண்டும். அளவு மேனுவலில் இருக்கும். குளிர்ந்த என்ஜினுக்கும் சூடான என்ஜினுக்கும் அது வேறு வேறு. இடைவெளி அதிகமானால் சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது, வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். சத்தம் கேட்கக் கூடாது என்று சில மெக்கானிக்குகள் இறுக்கி வைத்துவிடுகிறார்கள். அது வண்டிக்குச் செய்யும் கெடுதல்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் சிலிண்டர் உயிர் பெறாவிட்டால்தான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரை எர்த் செய்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றித் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட். ஹெட்டை இறக்குங்கள் என்று யாராவது சொல்வதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

புது வயரும் பிளக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். புதுப்பேட்டையில் பழைய கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம், பிளக் வயர் மட்டும் பழையது வேண்டாம். வயர்களில் எண் எழுதி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இந்த என்ஜினில் பொறி விழும் வரிசை 1-3-2, இரண்டு வயர் இடம் மாறினால் வண்டி ஓடாது. ஹெட் அலுமினியம் என்பதால் பிளக்கை என்ஜின் ஆறிய பிறகு கையாலேயே கடைசி வரை திருகுங்கள். வாஷர் தொட்ட பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். பிறகு மிஸ்ஸிங் வந்த அதே ஏற்றத்தில், அதே கியரில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடுவதை வைத்து வேலை முடிந்ததென்று பானெட்டை மூடிவிடாதீர்கள்.